நாற்பத்தொரு நீலம்

ஜூன் 3, திங்கள்

ஆர்டர் பக்கத்துப் பொத்தானின் நீலமும் முதல் பக்கத்துப் பொத்தானின் நீலமும் ஒன்று இல்லை.

காலையில் ஒரு பனியன் கம்பெனியின் இணையதளத்தில் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. கௌசல்யா அக்காவிடம் காட்டினேன். எங்கள் அலுவலகம் செய்யும் தளங்களுக்கெல்லாம் நிறம், எழுத்து, தோற்றம் அமைப்பவர் அவர்தான். இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ரெண்டும் நீலந்தானே புள்ள" என்றார். பிறகு நிறத்தின் குறியீட்டை எடுத்துப் பார்த்தார். ஆறு எழுத்தில் கடைசி எழுத்து வேறாக இருந்தது.

இங்கே வருவதற்கு முன் எட்டு மாதம் அம்மாவோடு ஒரு பனியன் யூனிட்டில் செக்கிங், அதாவது துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை, பார்த்தேன். ஒரே தடவையில் சாயம் ஏற்றிய துணி ஒரு லாட். பனியனின் உடம்பு ஒரு லாட் துணியிலும் கை இன்னொரு லாட் துணியிலும் வெட்டியிருந்தால், இரண்டும் ஒரே சாயம் என்று சீட்டில் எழுதியிருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது, கண் இருக்கிறது, தெரிகிறது.

இந்த நோட்டு பதினொன்றாம் வகுப்புக்கு வாங்கியது. முன்னால் ஒன்பது நாள் பாடம் இருக்கிறது. மீதி வீணாகிறதே என்று எழுதுகிறேன்.

மதியம் அலுவலக போன் அடித்தது. நான் எழுந்து கப் கழுவப் போய்விட்டேன். கௌசல்யா அக்கா எடுத்தார்.

ஜூன் 4, செவ்வாய்

அந்தத் தளத்தின் ஸ்டைல்ஷீட்டைத் திறந்து தேடினேன். பக்கங்கள் எப்படித் தெரிய வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் கோப்பு அது. நாலாயிரம் வரிக்கு மேல். நீலம் மட்டும் நாற்பத்தொரு இடத்தில் எழுதியிருக்கிறது. முப்பத்தெட்டு சரி, மூன்று தப்பு. வாடிக்கையாளர் நீலத்தை மாற்றச் சொன்னபோது, கௌசல்யா அக்கா ஒவ்வொன்றாக மாற்றியதில் மூன்று விட்டுப்போயிருக்கிறது.

மூன்றையும் திருத்தினேன். தண்ணீர் கேன் மாற்றினேன். நூற்றுப் பன்னிரண்டு டீசர்ட்டுக்கு அளவு தட்டினேன்.

ஆனால் நாற்பத்தொரு இடத்தில் எதற்கு எழுத வேண்டும்? சாயப் பட்டறையில் யாரும் நீலம் என்று சொல்வதில்லை. ஷேடு நம்பர் சொல்வார்கள். நம்பருக்கு உரிய நிறம் என்ன என்பது ஒரே ஒரு அட்டையில் இருக்கும்.

ஜூன் 8, சனி

சனிக்கிழமை பதினொரு மணிக்கு சம்பத் அண்ணா ஒரு கான்பரன்ஸ் கால் பேசுவார். இந்த அலுவலகம் அவருடையது. காங்கேயம் ரோட்டில் ஜிப், பட்டன் விற்கும் கடைக்கு மேல் மாடி. ஆறு வருடத்துக்கு முன்பு, ஒவ்வொரு தளத்தையும் முதலிலிருந்து எழுதி அலுத்துப்போய், எல்லாத் தளத்துக்கும் பொதுவான வேலைகளை ஒரே இடத்தில் எழுதி ஒரு சட்டகமாக்கினார். பெயர் சரடு. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று வெளியே விட்டுவிட்டார். இப்போது யாழ்ப்பாணத்திலும் பினாங்கிலும் அதில் தளம் கட்டுகிறார்கள்.

கால் ஸ்பீக்கரில் ஓடும். படம் ஏற்றிக்கொண்டே நான் கேட்பேன். சரடைச் செய்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சரடில் யார் எதைச் சேர்த்தாலும், எழுதியவரே சனிக்கிழமை வந்து தன் வாயால் விளக்க வேண்டும். மூன்று காவலர்களில் இரண்டு பேர் சரி என்றால்தான் உள்ளே போகும். காவலர்கள் என்றால் சம்பத் அண்ணா, யாழ்ப்பாணத்து தர்மினி அக்கா, பினாங்கு குணசீலன். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிட்டு, கேட்டால் விழிப்பவர்கள் இருந்திருக்கிறார்கள், அதனால் சம்பத் அண்ணாவே கொண்டுவந்த வழக்கம்.

இன்று யாரோ ஒருவர் விளக்கினார். தர்மினி அக்கா மெதுவாகத்தான் கேட்பார். ஆனால் விடமாட்டார். கேட்டுக்கொண்டே ஒரே படத்தை இரண்டு தடவை ஏற்றிவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

நான் நினைத்தது ஏற்கெனவே இருக்கிறது. சாஸ் என்று பெயர். நிறத்துக்கு ஒரு பெயர் வைத்து ஒரே இடத்தில் எழுதலாம். ஸ்டைல்ஷீட்டைச் சின்னச் சின்னக் கோப்பாகப் பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றை அழைக்கலாம். பிரவுசருக்கு இது புரியாது. புரிகிற மாதிரி சாதாரண ஸ்டைல்ஷீட்டாக ஒரு நிரல் மாற்றித் தரும். இதற்குப் பொதுவாக ப்ரீபிராசஸர் என்கிறார்கள்.

சரடுக்கு அது தெரியாது. வேறு சட்டகங்களில் இருக்கிறது. சரடில் வேண்டும் என்று பினாங்கிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன்பே ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். கீழே, நேரம் கிடைக்கும்போது என்று சம்பத் அண்ணாவின் பதில்.

விளக்கம் முழுக்க ஆங்கிலம். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. எழுதியிருக்கும் ஆங்கிலம் என்னைப் பார்த்துக் காத்துக்கொண்டு நிற்பதில்லை, அதனால் பரவாயில்லை.

ஜூன் 14, வெள்ளி

வரவில்லை. சரடுக்குச் சாஸைப் புரியவைக்க நானே எழுதும் நிரல் இன்றும் வரவில்லை. எண்பது படம் ஏற்றினேன்.

ஜூன் 18, செவ்வாய்

வந்துவிட்டது.

பக்கம் ஸ்டைல்ஷீட்டைக் கேட்கும்போது, என் நிரல் இடையில் புகுந்து இரண்டு நேரங்களைப் பார்க்கிறது. சாஸ் கோப்பு எப்போது கடைசியாக மாறியது, அதிலிருந்து ஆக்கிய ஸ்டைல்ஷீட் எப்போது ஆனது. சாஸ் கோப்பு புதிதாக இருந்தால் மறுபடி ஆக்கித் தருகிறது. இல்லையென்றால் இருப்பதையே தருகிறது. அவ்வளவுதான். எழுபது வரிகூட இல்லை.

பொத்தானைச் சிவப்பாக்கினேன், சிவந்தது. பச்சையாக்கினேன், பச்சையானது. மறுபடி நீலம். யாரும் பார்க்கவில்லை. பத்து தடவை மாற்றியிருப்பேன். மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டேன்.

வீட்டில் அம்மா என்ன இன்று முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். காய்ச்சலா என்று கழுத்தில் கை வைத்துப் பார்த்தார்.

ஜூன் 19, புதன்

கௌசல்யா அக்காவிடம் கொடுத்தேன். அவர் ஒரு தளத்தை எடுத்து, நிறங்களைத் தனிக் கோப்பிலும், பொத்தான்களைத் தனிக் கோப்பிலும் பிரித்து வைத்தார். மத்தியானம் வரை ஒரே பாராட்டு. நான்கு மணிக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஏம்புள்ள, என்ற வேலையெல்லாம் எங்க போச்சு?"

நிறத்தை மாற்ற அவர் திறந்தது சாஸ் கோப்பை அல்ல, அதிலிருந்து ஆகி வந்த ஸ்டைல்ஷீட்டை. ஆறு வருடப் பழக்கம், கை அங்கேதான் போகிறது. என் நிரல் அடுத்த முறை ஆக்கும்போது அவர் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டது. மூன்று மணி நேர வேலை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்குச் சங்கடமாகிவிட்டது. அவரே போய் டீ வாங்கி வந்தார். "உன்னைத் திட்டலை, அந்தக் கோப்பைத்தான் திட்டினேன், அது காதுல வாங்காதுன்னு சத்தமா திட்டினேன்" என்றார்.

இனி ஆக்குகிற ஒவ்வொரு கோப்பின் தலையிலும் என் நிரல் ஒரு வரி எழுதிவிடும்: இங்கே எழுதாதீர்கள், அழிந்துவிடும், மாற்ற வேண்டிய கோப்பு இது என்று பெயரோடு. அக்கா படித்துவிட்டு, இதை என் நெற்றியில் ஒட்டு என்றார்.

ஜூன் 20, வியாழன்

சம்பத் அண்ணா பார்த்தார். என் இடத்துக்கே வந்து, நின்றுகொண்டே மேலிருந்து கீழே வரை படித்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடி படித்தார். இதை எப்போது எழுதினாய் என்று கேட்டார். படம் ஏறும் நேரத்தில் என்றேன். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

சரடின் புதிய பதிப்பு ஜூன் 30 வெளிவருகிறது. அதற்குள் உள்ளே போகாவிட்டால் அடுத்தது டிசம்பர். இந்தச் சனிக்கிழமையே வைத்துவிடலாம் என்றார்.

பிறகுதான் யார் விளக்குவது என்ற பேச்சு வந்தது. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணா ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். "செரி உடு. என்ற பேருல போட்டு நானே பேசிடறேன்" என்றார்.

நல்லதுதான். அவருக்கு நன்றாகப் பேச வரும். வேலை உள்ளே போவதுதான் முக்கியம். யார் பெயர் என்பதில் என்ன இருக்கிறது. நல்லதுதான்.

கௌசல்யா அக்கா அவரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் கேட்டார். ரூல் போட்டதே நீங்கதானே என்ற மாதிரி. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். முழுதும் சொல்லவில்லை, நிறத்தை ஒரே இடத்தில் வைக்கிற ஒரு வேலை செய்தேன், அது யாழ்ப்பாணம், பினாங்கெல்லாம் போகப்போகிறது என்று மட்டும். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தினார். உன் பேர் போடுவாங்களா என்றார். இல்லை, ஆபீஸ் பேர் என்றேன்.

அம்மா மறுபடி துருவ ஆரம்பித்தார். துருவிக்கொண்டே, "அன்னிக்கும் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த டீச்சர் உக்காரச் சொல்லியிருப்பாங்க" என்றார்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்கூடம் தூரம், இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால்தான் நிறுத்தினேன். எல்லோருக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 22, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்தரைக்கு, வாடிக்கையாளர் கேட்டதால் கௌசல்யா அக்கா நீலத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினார். நிறக் கோப்பில் ஒரே ஒரு வரி. முதல் பக்கத்துக்கென்று ஒரு ஸ்டைல்ஷீட், ஆர்டர் பக்கத்துக்கென்று ஒன்று. இரண்டும் நிறத்தை அந்தக் கோப்பிலிருந்துதான் எடுக்கின்றன. நான் இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதல் பக்கம் புது நீலம். ஆர்டர் பக்கம் பழைய நீலம். உடம்பு ஒரு லாட், கை ஒரு லாட்.

என் தப்பு உடனே தெரிந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிய தலைக் கோப்பின் நேரத்தை மட்டும்தான் என் நிரல் பார்க்கிறது. அந்தக் கோப்பு அழைக்கும் மற்றக் கோப்புகள் மாறினால் அதற்குத் தெரியவே தெரியாது. முதல் பக்கம் மாறியதுகூட அக்கா அதன் தலைக் கோப்பிலும் வேறு ஏதோ ஒரு வரி தொட்டதால்தான். நான் இத்தனை நாள் சோதித்ததெல்லாம் ஒரே ஒரு கோப்பை வைத்து.

சம்பத் அண்ணா வந்தபோது மணி பத்து ஐம்பத்தெட்டு. ஹெல்மெட்டைக் கழற்றியபடியே கான்பரன்ஸ் காலைத் தொடங்கிவிட்டார். நான் ஒரு துண்டுச் சீட்டில், நிறக் கோப்பை மட்டும் மாற்றினால் மாறவில்லை என்று எழுதி அவர் கீபோர்டு பக்கத்தில் வைத்தேன். அவர் பார்க்காமல் டீ கப்பை அதன் மேல் வைத்தார்.

அண்ணா நன்றாகத்தான் விளக்கினார். என்னைவிட நன்றாக. குணசீலன் அப்போதே சரி சொல்லிவிட்டார். அண்ணாவும் ஒரு காவலர். அவர் சரி என்று சொன்னால் இரண்டாகிவிடும், உள்ளே போய்விடும். அப்போது தர்மினி அக்கா கேட்டார்.

"நிறக் கோப்பை மட்டும் மாத்தினா, அதைப் பாவிக்கிற எல்லாம் மாறுமோ?"

மாறும் என்றார் அண்ணா. சோதித்துப் பார்த்தீர்களா என்று அவர் கேட்டதற்கு, பார்த்தாச்சு என்றார். பொய் இல்லை. நான் பார்த்திருப்பேன் என்று நம்பிச் சொன்னார்.

ஒரு பிரீயட் முழுக்க எழுந்து நின்றால், தரையில் எத்தனை ஓடு என்று எண்ணத் தோன்றும். பதினொன்று பி-யில் என் பெஞ்சிலிருந்து கரும்பலகை வரை பதினேழு. டீச்சர் சொன்னது, எழுந்து நின்று உன்னைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் சொல், சொல்லும் வரை உட்காராதே. எனக்கு ஐந்து வாக்கியமும் தெரியும். வாய்தான் வரவில்லை.

இங்கே தரையில் ஓடு இல்லை. வெறும் சிமெண்ட். எண்ண ஒன்றுமில்லை.

அண்ணாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் மைக்கை நோக்கிக் குனிந்து, "மாறாதுங்க" என்றேன்.

தர்மினி அக்கா, "ஆர் கதைக்கிறது?" என்றார்.

"நாகஜோதிங்க. எழுதினது நான். நிறக் கோப்ப மட்டும் மாத்துனா மாறாது. என்ற தப்பு."

கௌசல்யா அக்கா வாயில் இருந்த டீயை விழுங்கவில்லை. இது சம்பத்தின் வேலை என்றல்லவா போட்டிருக்கிறது என்று தர்மினி அக்கா கேட்டார். அண்ணாவின் காது சிவந்துவிட்டது. அவள்தான் எழுதினாள், பேசமாட்டாள் என்று நானாக நினைத்துவிட்டேன், என் பெயரில் போட்டது தப்பு என்று ஒளிக்காமல் சொன்னார். நான் அவரை மதிக்கிறேன்.

"அப்ப அடுத்த சனி அவவே வரட்டும்" என்றார் தர்மினி அக்கா. "பிழையைத் தானாச் சொன்னவ, சரியையும் சொல்லுவா."

பிறகு நான் கப் கழுவப் போனேன். எல்லாக் கப்பும் ஏற்கெனவே கழுவியிருந்தது. மறுபடி கழுவினேன்.

ஜூன் 24, திங்கள்

அண்ணா திருத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வாயால்தான் சொன்னேன், தலையை ஆட்டவில்லை.

முதலில் எந்தக் கோப்பு மாறினாலும் எல்லாவற்றையும் மறுபடி ஆக்கிவிடலாம் என்று எழுதிப் பார்த்தேன். சரியாக வந்தது, ஆனால் ஒவ்வொரு பக்கமும் நாலு விநாடி. கௌசல்யா அக்கா, அதற்குள் ஒரு வடை சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றார். எழுதியதைக் கலைத்துவிட்டேன்.

ஜூன் 26, புதன்

யூனிட்டில் கட்டிங்கிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டோடும் ஒரு சீட்டு வரும். உடம்பு எந்த லாட், கை எந்த லாட், காலர் எந்த லாட். தைக்கும் முன் சீட்டைப் பார்த்தால் போதும், துணியைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. அம்மா காலையில் டிபன் கட்டும்போது, நேற்று ஏதோ ஒரு கட்டு சீட்டு இல்லாமல் வந்து ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதையே யோசித்துக்கொண்டு நின்று பஸ்ஸை விட்டுவிட்டேன்.

இப்போது என் நிரல் ஒவ்வொரு ஸ்டைல்ஷீட்டையும் ஆக்கும்போது அதோடு ஒரு சீட்டு எழுதுகிறது. இது எந்தெந்தக் கோப்பிலிருந்து ஆனது, அவை அழைத்த கோப்புகள் எவை, அவை அழைத்தவை எவை, ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது மாறியிருந்தது. அடுத்த முறை பக்கம் கேட்கும்போது சீட்டை மட்டும் பார்க்கிறது. ஒன்றின் நேரம் மாறியிருந்தாலும் அந்த ஸ்டைல்ஷீட்டை மட்டும் மறுபடி ஆக்குகிறது. எதுவும் மாறாவிட்டால் கண் இமைக்கும் நேரம்கூட ஆவதில்லை.

நிரலிலும் அதற்கு சீட்டு என்றே பெயர் வைத்தேன். அண்ணா அதைப் படித்துச் சிரித்தார். மாற்றச் சொல்லவில்லை.

ஜூன் 28, வெள்ளி

இன்று சோதித்தவை: நிறக் கோப்பை மட்டும் மாற்றுவது. அழைக்கப்பட்ட கோப்பை அழிப்பது. புதிதாக ஒன்றைச் சேர்ப்பது. சாஸ் கோப்பில் தப்பு செய்வது. அப்போது வெள்ளைப் பக்கம் வராமல், எந்தக் கோப்பில் எந்த வரி என்று சொல்கிறது. சீட்டையே கிழித்துப் போடுவது. எல்லாம் சரி.

நாளை பேச வேண்டியதை எழுதி வைக்கவில்லை. எழுதினால் படிப்பேன். படித்தால் நின்றுபோகும்.

ஜூன் 29, சனி

பதினொரு மணி. அண்ணா அவர் நாற்காலியை எனக்குத் தந்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் வார்த்தை வர நேரமானது. தர்மினி அக்கா அவசரப்படுத்தவில்லை. அவர் வீட்டில் ஏதோ காகம் கத்துவது ஸ்பீக்கரில் கேட்டது.

பனியனிலிருந்து ஆரம்பித்தேன். கட்டு, சீட்டு, லாட். பிறகு கோப்பு. ஆரம்பித்தபின் எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. இருபத்திரண்டு நிமிடம் பேசியிருக்கிறேன், கௌசல்யா அக்கா பார்த்துச் சொன்னார்.

தர்மினி அக்கா ஒன்பது கேள்வி கேட்டார். எட்டுக்குப் பதில் சொன்னேன். ஒன்பதாவது, இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று அழைத்தால் என்ன ஆகும் என்பது. அதை நான் சோதிக்கவில்லை, தெரியாது என்றேன். எல்லோரும் காத்திருக்க, அங்கேயே செய்து பார்த்தேன். நிரல் முடிவில்லாமல் சுற்றாமல் நின்று, தப்பு என்று சொன்னது. சாஸே அதைப் பார்த்துக்கொள்கிறது. நான் எழுதியதல்ல என்பதையும் சொன்னேன்.

"எனக்குச் சரி" என்றார் தர்மினி அக்கா. குணசீலனும் சரி என்றார். அண்ணா மூன்றாவதாகச் சொன்னார், தேவையில்லை என்றாலும்.

சரடோடு வரும் பெயர்க் கோப்பு ஒன்று உண்டு. உள்ளே வந்தவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே கடைசி வரியில் எழுத வேண்டும். என்னுடையது முப்பத்து நாலாவது வரி. மற்றவர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். நான் தமிழில் எழுதினேன். நாகஜோதி, திருப்பூர். சேமிப்பதற்கு முன் நாலு தடவை படித்துப் பார்த்தேன், ஒரு பெயரில் படிக்க என்ன இருக்கிறதோ.

வீட்டுக்குப் போய் அம்மாவுக்குப் போனில் அந்த வரியைக் காட்டினேன். அம்மா அதைப் பெரிதாக்கி, பிறகு இன்னும் பெரிதாக்கி, திரை முழுக்க ஜோ மட்டும் தெரியும் வரை பெரிதாக்கிப் பார்த்தார். கட்டையும் சீட்டையும் வைத்து விளக்கினேன். அப்ப நீ இன்னும் செக்கிங்தான் பண்ற என்றார். ஆமாம் என்றேன். நாளைக்கு யூனிட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டணும், அந்தப் போனைக் குடு என்றார். நாளை ஞாயிறு என்றேன்.

ஜூலை 1, திங்கள்

பதிப்பு நேற்று வெளிவந்துவிட்டது. என்னென்ன புதிது என்ற பட்டியலில் முதல் வரி நான் செய்தது. பினாங்கில் இரண்டு வருடத்துக்கு முன்பு கேட்டவர், ஒரு வழியாக வந்ததே என்று எழுதியிருக்கிறார். கீழே என் பெயர்.

காலையில் பனியன் கம்பெனியிலிருந்து, நீலம் பழையபடியே இருக்கட்டும் என்றார்கள். ஒரு வரி மாற்றினேன். இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரே லாட்.

பன்னிரண்டு மணிக்கு அண்ணா பேங்குக்குப் போயிருந்தார். கௌசல்யா அக்கா கீழே கடையில். போன் அடித்தது. கழுவும் தொட்டியைப் பார்த்தேன், கப் எதுவும் இல்லை. தண்ணீர் கேனும் நிறைந்தே இருந்தது. நான்காவது மணி அடித்தது.

எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்றேன்.